மணியத்துக்கு, வெண்கோடு மலை விஷயமாக

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள மணியம்,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான்; உன்னைக் கேட்டார்கள். மழை விட்டபாடில்லை. மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை.

உன் நாவலுக்காக நீ போட்ட கற்பனை நாட்டு வரைபடத்தை இந்த மாதக் கடைசியில் அச்சகத்தில் கொடுக்கப் போகிறாய் என்று குண்டு செல்வம் சொன்னான். கொடுக்காதே. அதற்காகத்தான் அவசரமாக இந்தக் கடிதம்.

கதை நன்றாக இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் தைப்பூசம் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய். உப்பு வியாபாரி மகள் அருமை. என் சண்டையெல்லாம் அந்த வெண்கோடு மலைத்தொடரோடுதான். ரூலர் வைத்து இழுத்த மாதிரி வடக்கு தெற்காக ஒரே உயரம், நட்டநடுவில் உச்சி, ஒரே ஒரு வாசல். நம் மலேசியாவின் தீத்திவங்சா மலைத்தொடரைப் பார். தாய்லாந்து எல்லையிலிருந்து நெகிரி செம்பிலான் வரைக்கும் ஏறக்குறைய 480 கிலோமீட்டர். அதில் உயரமானது கொர்பு, 2,183 மீட்டர். ஆனால் மலாய்த் தீபகற்பத்தின் உச்சிச் சிகரம் அந்தத் தொடரிலேயே இல்லை. கிழக்கே தள்ளி வேறொரு தொடரில் நிற்கிற தாஹான் 2,187 மீட்டர். இவ்வளவு நீளம் படுத்திருந்தும் நாலு மீட்டரில் கோட்டை விட்டுவிட்டது பார். இந்த மாதிரி ஒரு கோணல் உன் படத்தில் எங்காவது இருந்தால்தான் நம்புவேன்.

உன் மலை எப்படி எழுந்தது என்று நீ யோசிக்கவே இல்லை. இரண்டு நிலத்தட்டுகள் முட்டிக்கொண்டதா? பாயைச் சுவரோரம் தள்ளினால் மடிப்பு விழுகிற கதைதான். மலை வரும், எரிமலை வராது. இமயத்தில் உயிருள்ள எரிமலை கிடையாது. கடலடித் தட்டு நிலத்துக்கு அடியில் போகிறதா? அப்போது கரைக்கு இணையாக எரிமலை வரிசை வரும். எதிரே சுமத்ராவில் புக்கிட் பாரிசான் அப்படித்தான். அதில் கெரிஞ்சி 3,805 மீட்டர். நீ அக்கினிக்குன்றை மட்டும் நடுத் தொடரில் ஒற்றையாக நட்டு வைத்திருக்கிறாய். எடுத்துவிடு, அல்லது அதற்குக் கூடப்பிறந்தவர்களை வரிசையாகக் கொடு. அரசி குளிக்கும் வெந்நீர் ஊற்றை மட்டும் தொடாதே. அதற்கு எரிமலை தேவையில்லை. நம் தீபகற்பத்தில் எரிமலை இல்லை, சுடுநீர் ஊற்று எத்தனை இருக்கிறது! கருங்கல் விரிசலில் ஆழமாக இறங்கிய மழைநீர் சூடேறி மேலே வருகிறது, அவ்வளவுதான்.

அடிவாரத்தில் தென்னை, 2,600 மீட்டரில் வருஷம் முழுக்க உறைபனி என்கிறாய். சபாவில் கினபாலு 4,095 மீட்டர். அங்கேயே பனி நிலைத்து நிற்பதில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 பாகை செல்சியஸ் குறையும் என்று வைத்துக்கொள். அடியில் 30 என்றால் பூஜ்யத்துக்கு நீ 5,000 மீட்டர் ஏற வேண்டும். அப்புறம் அந்த இருதலை ஆறு. ஒரே ஏரியிலிருந்து ஒன்று மேற்கே, ஒன்று கிழக்கே. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. எந்த வாய் கொஞ்சம் தாழ்வோ அது இன்னும் அரிக்கும், இன்னும் தாழும், கடைசியில் தண்ணீர் முழுவதையும் அதுவே இழுத்துக்கொள்ளும். மற்ற வாய் காய்ந்த பள்ளமாகிவிடும். அந்தக் காய்ந்த பள்ளத்தை வைத்துக்கொள், உனக்கு நல்ல வழி கிடைக்கும்.

இதெல்லாம் சில்லறை. என்னைத் தூங்கவிடாதது புலிவாசல் கணவாய்ப் படையெடுப்புதான்.

மாறவேள் 40,000 பேரோடு 4,200 மீட்டர் கணவாயைப் பன்னிரண்டு நாளில் கடக்கிறான். பாலா சொன்ன மாதிரி கணக்கு உனக்கு ஜென்ம விரோதி, அதனால் நானே போட்டுவிட்டேன். ஆளுக்கு நாளைக்கு ஒரு கிலோ தானியம். பன்னிரண்டு நாளைக்கு 480 டன். மலைப்பாதையில் ஒரு சுமைக்காரன் 25 கிலோ தூக்குவான் என்று வை. அவனும் சாப்பிட வேண்டுமே. 12 கிலோ அவன் வயிற்றுக்கே போய்விடும். மிச்சம் 13. ஆக, படைக்குச் சோறு தூக்கவே கிட்டத்தட்ட 37,000 பேர். அவர்கள் திரும்பி வர வேண்டாமா? அதற்கும் சோறு கட்டிக்கொண்டு போனால் ஒருத்தன் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரே ஒரு கிலோ.

இன்னும் கேள். ஒற்றையடிப் பாதையில் ஆளுக்கு ஒன்றரை மீட்டர் இடம் விட்டால் இந்த 77,000 பேரும் நிற்க 115 கிலோமீட்டர் வேண்டும். மலையில் நாளைக்குப் பத்துக் கிலோமீட்டர் போனால் உன் பாதை மொத்தமே 120. தலை கிழக்கே இறங்கும்போது வால் மேற்கே பசியாறிக்கொண்டிருக்கும். முன்னால் போகிற ஆயிரம் பேர் அடிபட்டுச் சாவது பின்னால் வருபவனுக்குத் தெரிய நாள்கணக்காகும். யானைகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஒரு யானைக்கு நாளைக்கு 150 கிலோ தீவனம். நீ 300 யானை கொண்டுபோகிறாய். மேலே புல்லே இல்லை.

சோறு கிடைத்தாலும் வேகாது. 4,200 மீட்டரில் தண்ணீர் 86, 87 பாகையிலேயே கொதித்துவிடும். அரிசி மேலே குழைந்து உள்ளே நறுக்கென்று நிற்கும், பருப்பு எத்தனை நாழி வைத்தாலும் உடையாது, விறகுதான் தீரும். திபெத்துக்காரன் வறுத்த வாற்கோதுமை மாவைப் பிசைந்து சாப்பிடுவது சும்மா இல்லை. உன் வீரர்களுக்கும் கேழ்வரகை வறுத்து அரைத்துக் கொடு. நீ எழுதியிருக்கும் பாசறை விருந்தை வெட்டு. கடற்கரை ஆள் மூன்றே நாளில் அவ்வளவு உயரம் ஏறினால் சண்டைக்கு முன்னாலேயே தலைவலி, வாந்தி. சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்து உயிரே போகும். 3,000 மீட்டருக்கு மேல் இராத் தங்கும் உயரத்தை நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. நடுவே ஓய்வு நாளும் வேண்டும்.

ஆகவே கணவாயை 2,800க்கு இறக்கு. படையை 4,000 ஆக்கு. முந்தின வருஷமே ஒருநாள் நடைக்கு ஒரு களஞ்சியமாக நிரப்பி வை. எதிரி அந்தக் களஞ்சியங்களில் ஒன்றைக் கொளுத்தினால் போதும், உன் போர் தானாக எழுதிக்கொள்ளும். பனி போய்விட்டதே என்று வருந்தாதே. நனைந்த துணி, விடாத காற்று, பாசி பிடித்த குட்டை மரங்கள், பத்துப் பாகைக் குளிர். ஆள் நடுங்கி, உளறி, பிறகு நடுக்கமும் நின்று உட்கார்ந்தால் முடிந்தது.

கோட்டையைக் கணவாய் உச்சியில் கட்டியிருக்கிறாய். அங்கே தண்ணீர் ஏது, விறகு ஏது? பாதைகள் ஒன்றுசேரும் அடிவாரத்தில், ஆற்றுக் கிளையோரத்தில் கட்டு. சுங்கம் வாங்கவும் அதுதான் இடம்.

அதோடு, எல்லாரும் உன் வீர வாசல் வழியாகத்தான் போவார்கள் என்று யார் சொன்னது? மலை எங்கே சோர்கிறதோ அங்கேதான் வியாபாரி போவான். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆனைமுடி 2,695 மீட்டர். அதே மலையில் பாலக்காட்டுக் கணவாய் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலம், தரை கிட்டத்தட்ட சமவெளி. கோயம்புத்தூர்ப் பக்கம் ரோமானியக் காசு புதையல் புதையலாகக் கிடைத்தது வேறு எப்படி? இங்கேயும் அப்படித்தான். தீபகற்பத்தைக் குறுக்கே கடந்தவர்கள் தீத்திவங்சா ஒடுங்கும் தென்கோடியில், மூவார் ஆற்றின் கிளையான ஜெம்போலிலிருந்து பஹாங் பக்கம் ஓடும் செர்த்திங் ஆற்றுக்குப் படகைக் கரையில் இழுத்துப் போனார்கள். இழுத்த தூரம் சில நூறு மீட்டர்தான். பெனாரிக்கான் என்று அந்த வழிக்குப் பெயர். உன் காய்ந்த பள்ளத்தை நான் ஏன் வைத்துக்கொள்ளச் சொன்னேன் என்று இப்போது புரிகிறதா?

உப்பு விஷயத்தில் நீ தங்கத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு தோண்டாமல் இருக்கிறாய். மலைநாட்டில் ஒரு லட்சம் பேர் என்கிறாய். ஆளுக்கு வருஷத்துக்கு மூன்றரைக் கிலோ வைத்தால் 350 டன், அதாவது 14,000 சுமை. நாலு மாத வறட்சிக் காலத்தில் நாள்தோறும் 115, 120 சுமைகள் மேலே ஏற வேண்டும். சங்கப் பாட்டில் உப்பு வணிகரான உமணர் மாட்டுவண்டியில் கொண்டுபோனார்கள்; உன் மலையில் வண்டி ஏறாது, முதுகுதான். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு தங்குமடம், அதைச் சுற்றி ஊர், ஊருக்கு ஒரு காவல் தெய்வம். உன் நகரங்களெல்லாம் இப்படித்தான் முளைத்திருக்க வேண்டும். கடலோர ராஜா வாளை உருவவே வேண்டாம், ஒரு பருவம் உப்பை நிறுத்தினால் மலை இறங்கி வரும். உப்பு வியாபாரி மகளை வைத்துக்கொண்டு இதை விட்டாயே!

இனி கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. 1,200 வருஷ வரலாறு எழுதியிருக்கிறாய். அதில் முப்பத்தொரு ராஜா வருகிறார்கள், ஒரு சுமைக்காரன் பெயர்கூட இல்லை. மலைவாசிகள் இரண்டு இடத்தில் வருகிறார்கள்; ஒரு தடவை வழிகாட்ட, ஒரு தடவை சாக. எல்லைக்கோட்டை முகட்டின் மேல் இழுத்துவிட்டாய். கீழே இருப்பவனுக்குத்தான் முகடு எல்லை. பேராவிலும் கிளந்தானிலும் தெமியார் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள், பேராவிலும் பஹாங்கிலும் செமாய் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது நடுவீடு. கேமரன் மலைத் தேயிலைச் சரிவில் கூடை சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் உன் புத்தகத்தை வாங்கப் போகிறார்கள், மணியம். பாதை போட்டவன் எங்கே என்று அவர்கள் தேடுவார்கள்.

சுரங்கம் கடைசி. ஈயத்தை, அதாவது வெள்ளீயத்தை, நீ சிகரக் குகையில் வைத்திருக்கிறாய். கருங்கல்லில் பிறந்தாலும், கல் மழையில் சிதையச் சிதைய அது உருண்டு, அடிவார மணலில்தான் குவியும். பேராவின் கிந்தாப் பள்ளத்தாக்கு பணக்காரப் பள்ளத்தாக்கானது அதனால்தான். மண்ணைக் கழுவத் தண்ணீர் வேண்டும், ஆகவே சண்டை தண்ணீருக்கு வரும். 1861இல் பேராவின் லாருட்டில் கீ ஹின், ஹை சான் என்ற இரண்டு சீன ரகசியச் சங்கங்கள் நீரோடைக்காக மோதத் தொடங்கியது 1874 பங்கோர் ஒப்பந்தத்தில் போய் நின்றது, உள்ளே ஆங்கிலேயன் வந்தான். உன் ‘ஈயப் போர்’ அத்தியாயத்தில் ஒரு சாபத்தால் போர் மூள்கிறது. சாபத்தை எடுத்துவிட்டு ஒரு வாய்க்காலை வெட்டு.

முதலில் ஆறுகளை மாற்று, பிறகு பாதைகள், ஊர்கள் கடைசியில். படத்தின் மூலையில் அளவுகோல் போடு. பன்னிரண்டு நாள் என்பதை நான் விரலால் அளந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. திருத்திய படத்தைச் செல்வத்திடம் கொடுத்தனுப்பாதே, ஏன் என்று உனக்கே தெரியும். தபாலில் போடு.

அன்புடன்,
ராகவன்

பி.கு.: ஒன்பதாம் அத்தியாயத்தில் பள்ளத்தில் விழுந்து செத்த வெள்ளைக் குதிரை மேல் பதினொன்றில் மாறவேள் ஏறி வருகிறான்.