பூம்பாறைக்கு பார்க்கிங் வேண்டாம், பஸ் விடுங்கள்

திண்டுக்கல் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் கொடைக்கானல் கோட்டாட்சியர் அவர்களுக்கும்,

வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் பூம்பாறையில் பூண்டு போடும் குடும்பத்திலிருந்து எழுதுகிறேன்.

சீசன் நேரத்தில் ஒரு சனிக்கிழமை, வெயில் ஏறிய பிறகு எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள். சைரன் வைத்த வண்டியில் வேண்டாம், வழி விட்டுவிடுவார்கள். அப்புறம் எதுவும் தெரியாது. ஊரும் படிக்கட்டு வயல்களும் ஒரே பார்வையில் தெரியும் அந்த வியூ பாயிண்ட் வளைவில்தான் எல்லாம் ஆரம்பிக்கும். முதலில் ஒரு கார் ஓரங்கட்டும். அதன் பின்னால் ஒரு டெம்போ டிராவலர். எதிர்ப்பக்கம் இன்னொன்று. பத்து நிமிடத்தில் நடுவில் ஒரு வண்டி போகும் அகலம்தான் மிஞ்சும். அந்த நேரம் பார்த்து எதிரே அரசு பஸ் வந்தால், யார் பின்னால் எடுப்பது என்ற பஞ்சாயத்து முடிய அரை மணி நேரம் ஆகும்.

இது எங்கள் ஊரோடு முடிகிற விஷயம் இல்லை. மன்னவனூர், கூக்கால், பூண்டி, கிளாவரை என்று மேல்மலைக் கிராமங்கள் கொடைக்கானலுக்குப் போய்வர இந்த ஒரு ரோட்டைத்தான் நம்பியிருக்கின்றன. வடுகபட்டி சந்தைக்குப் போகும் பூண்டு மூட்டையும் இதில்தான் போகவேண்டும், பிரசவ வலி வந்தவரும் இதில்தான் போகவேண்டும். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத்தை மலைப் பகுதிகளுக்கும் நீட்டிப்பதாக 2024 பட்ஜெட்டில் அறிவித்தபோது இங்கே நிறைய பேர் சந்தோஷப்பட்டார்கள். டிக்கெட் இல்லாவிட்டால் என்ன, பஸ் நகர வேண்டுமே!

கொடைக்கானலுக்கு வண்டியில் வர ஆன்லைனில் எடுக்கும் இ-பாஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கு மலையேறும்போது எடுப்பது. ஏறிய வண்டி அப்புறம் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று கேட்க ஆள் இல்லை. ஏரியையும் தூண் பாறையையும் பார்த்து முடித்தவர்கள் அடுத்து என்ன என்று போனைத் தட்டினால் வருவது பூம்பாறையும் மன்னவனூரும். 6,000 வண்டியில் ஒரு சிறு பங்கு ஒரே மதியத்தில் இந்தப் பக்கம் திரும்பினாலே போதும், எங்கள் கதை முடிந்தது.

இதற்குத் தீர்வாக ஊருக்குப் பக்கத்தில் பெரிய பார்க்கிங் போடலாம் என்று சிலர் பேசுகிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எங்கள் ஊரில் தட்டையான இடம் என்று இருப்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கல் அடுக்கி மண்ணை நிறுத்திய வயல். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அது விளைகிற மண். அதை விட்டால் சரிவை வெட்டித்தான் இடம் எடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் இந்தச் சரிவு என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, நூறு காருக்கு இடம் கட்டினால் ‘அங்கே பார்க்கிங் இருக்கிறது’ என்று இருநூறு கார் வரும். இடம் கிடைக்காத நூறும் மறுபடி அதே வளைவில்தான் நிற்கும்.

நான் கேட்பது வேறு. சீசனிலும் தொடர் விடுமுறையிலும் வெளியூர் கார்களை கொடைக்கானல் பக்கமே நிறுத்திவிட்டு, அங்கிருந்து பஸ் விடுங்கள். சபரிமலையில் அதைத்தான் செய்தார்கள். 2018 வெள்ளத்தில் பம்பை பார்க்கிங் இடம் அடித்துக்கொண்டு போன பிறகு, வண்டிகளை நிலக்கல்லில் நிறுத்திவிட்டு அங்கிருந்து பம்பைக்கு கேரள அரசு பஸ்களைத் தொடர்ச்சியாக விட்டார்கள். அந்தத் தூரமும் ஏறக்குறைய 20 கி.மீ., கொடைக்கானலிலிருந்து பூம்பாறையும் ஏறக்குறைய அதே தூரம். அவ்வளவு தூரம் போவானேன், பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதிச் சீட்டு கொடுத்து அளவாகத்தானே வண்டி விடுகிறது? அதற்காக யாரும் கொடைக்கானல் வருவதை நிறுத்திவிடவில்லை.

பஸ் என்றால் பெரிய பஸ் அல்ல. 12 மீட்டருக்கு மேல் நீளமான பஸ்களைக் கொடைக்கானலுக்குள் விடக்கூடாது என்று 2024 இறுதியில் நீங்களே தடை போட்டீர்கள்; எங்கள் வளைவுகளுக்கு மினி பஸ்தான் சரி. காலையிலிருந்து மாலை வரை இருபது நிமிடத்துக்கு ஒன்று. நாள் முழுக்கச் செல்லும் ஒரே டிக்கெட்: பூம்பாறையில் இறங்கி குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் மன்னவனூர் ஏரிக்குப் போகலாம். இருட்டுவதற்கு முன் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று டிக்கெட்டிலேயே அச்சடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குளிரில் நின்றுகொண்டு எங்களைத் திட்டுவார்கள். ஊரில் அறை எடுத்தவர்களின் வண்டி, நடக்க முடியாதவர்களை ஏற்றி வரும் வண்டி, உள்ளூர் வண்டி இவற்றுக்கு மட்டும் அனுமதி. உள்ளூர் ஜீப், டாக்சி ஓட்டுபவர்களை இதில் எதிரியாக்கிவிடாதீர்கள். பஸ் போகாத கிளைப் பாதைகளை அவர்களுக்கே கொடுத்து, கட்டணத்தையும் எழுதிப் போட்டுவிட்டால் அவர்களே இதற்குக் காவலாக இருப்பார்கள்.

கார் வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று எங்கள் ஊர்க் கடைக்காரர்களில் சிலருக்குப் பயம். அது நியாயமான பயம், பெண்களும் பெரியவர்களும் கேரட்டும் பூண்டும் விற்றுப் பிழைக்கும் இடம் அது. ஆனால் இப்போது நடப்பதைப் பாருங்கள். வளைவில் நின்று போட்டோ எடுத்துவிட்டு, பின்னால் ஹாரன் அடிக்கிறான் என்று பாதிப் பேர் ஊருக்குள் வராமலேயே போய்விடுகிறார்கள். பஸ்ஸில் வந்து இறங்கியவர் அடுத்த பஸ் வரும்வரை ஊருக்குள்தானே இருக்க வேண்டும்? டீ குடிப்பார், பூண்டு விலை கேட்பார்.

கொடைக்கானல் நகரமே நெரிசலில் திணறும்போது அங்கே எப்படி நிறுத்துவது என்பதுதான் கஷ்டமான கேள்வி. அதற்குப் பதில் ஊர்க்காரனான என்னிடம் இல்லை, உங்களிடம்தான் இருக்க வேண்டும். ஏற்கெனவே சமன் செய்யப்பட்ட அரசு நிலம் எது, விடுமுறையில் காலியாக இருக்கும் வளாகம் எது என்ற பட்டியல் உங்கள் அலுவலகத்தில் இருக்குமே. அங்கே வசூலாகும் நிறுத்தக் கட்டணத்தில் ஒரு பங்கு மேல்மலை ஊராட்சிகளுக்கு வரட்டும். வருகிறவர்களுக்குக் கழிப்பறை கட்டுவதும் அவர்கள் போட்டுவிட்டுப் போகும் குப்பையை அள்ளுவதும் எங்கள் தலையில்தான் விழுகிறது.

ஒரேயடியாக வேண்டாம். வரும் மே மாதத்தில் இரண்டு சனி, ஞாயிறு மட்டும் செய்து பார்ப்போம். சரிவராவிட்டால் விட்டுவிடலாம். மே 1 அன்று எப்படியும் கிராம சபை கூடும். அன்றைக்கு இதை ஒரு பொருளாக வைத்து, போக்குவரத்துக் கழகத்திலிருந்தும் காவல்துறையிலிருந்தும் முடிவெடுக்கக்கூடிய ஒருவரை அனுப்பிவையுங்கள். எதிர்ப்பவர்களும் வருவார்கள், அவர்கள் முன்னாலேயே பேசிவிடலாம்.

இப்படிக்கு,
பூம்பாறை விவசாயி ஒருவர்