எலும்பு கூடும்வரை காத்திருக்காதே

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள பங்காளிக்கு,

கடிதம் கிடைத்தது. விபத்தில் தொடை எலும்பு உடைந்த மாப்பிள்ளைக்கு ராடு வைத்தாயிற்று, உயிருக்குப் பயமில்லை என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. ஆனால் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறார், எலும்பு கூடினால் தன்னால் சரியாகிவிடும் என்றும் எழுதியிருக்கிறாய். எனக்கு அதில் சம்மதமில்லை. மனசையும் இப்போதே பார்க்க வேண்டும்.

போன வருஷம் அண்ணன் பையனுக்குச் சோளத்தட்டு வெட்டுற மிஷினில் கை போனது உனக்குத் தெரியும். முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். புண் ஆறும் முன்பே இல்லாத விரல்கள் வலிக்க ஆரம்பித்தன, சுண்டுவிரலை யாரோ முறுக்குவது மாதிரி. சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். எங்களுக்கு எப்படித் தெரியும்? வார்டுக்கு வந்த மனநல ஆலோசகர் அம்மாதான், “போன விரல் வலிக்குதா கண்ணு?” என்று தானாகவே கேட்டார். பையன் ஓவென்று அழுதுவிட்டான். கை கால் எடுத்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது வரும், கை போனாலும் மூளையில் அதற்கான இடம் அப்படியே இருக்கிறது என்று அவர் விளக்கினார். அன்று ராத்திரிதான் அவன் தூங்கினான். வலி அப்படியேதான் இருந்தது, பயம் மட்டும் போயிருந்தது.

அப்புறம் பிசியோதெரபியில் ஒரு கண்ணாடியை நெஞ்சுக்கு நேரே நிறுத்தி, இருக்கிற கையை அதன் முன்னால் விரித்து மூடச் சொன்னார்கள். பார்க்கிறவனுக்குப் போன கையே அசைவது போலத் தெரியும். 1990களில் இந்த முறையைக் கொண்டுவந்தவர் வி.எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்து அமெரிக்கா போனவர். எல்லோருக்கும் இது கேட்பதில்லை. இவனுக்கு ஓரளவு கேட்டது.

வலியை விடக் கொடுமை, பார்க்க வந்த சனம். ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக வந்து, “ஏஞ்சாமி, எப்படியாச்சு?” என்று ஆரம்பிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். முடித்ததும், “இனி தோட்டங்காட்டை யார் பார்ப்பா?” என்று ஒரு போடு போட்டுவிட்டுப் போவார்கள். பாசம்தான், யாரைக் குறை சொல்ல? ஆனால் அங்கேயும் அப்படித்தான் நடக்கும். வருகிறவர்களை வராந்தாவிலேயே நிறுத்தி நீயே சொல்லி அனுப்பு. அடிபட்ட உடனேயே நடந்ததையெல்லாம் சொல்ல வைத்தால் பாரம் இறங்கும் என்று ஒரு காலத்தில் வைத்தியம் செய்கிறவர்களே நம்பினார்கள். ஆராய்ந்து பார்த்ததில் பலன் தெரியவில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் போயிருக்கிறது. 2011ல் உலக சுகாதார நிறுவனம் போட்ட கையேடும் யாரையும் வற்புறுத்திச் சொல்ல வைக்காதே என்றுதான் சொல்கிறது. அவராகப் பேசினால் குறுக்கே பேசாமல் கேள், அது போதும்.

மாப்பிள்ளைக்கு வேலை போய்விடுமோ, தவணை கட்ட முடியுமோ, கால் குட்டையாகிவிடுமோ என்று என்னென்னவோ ஓடும். கால் விஷயத்தை டாக்டரை விட்டே நேரடியாகச் சொல்லச் சொல். எப்போது ஊன்றலாம், எப்போது வண்டி ஓட்டலாம் என்று தெரிந்தாலே பாதி கலக்கம் தீரும். கெட்ட கனவு, ஹாரன் சத்தத்துக்குத் தூக்கிப்போடுவது எல்லாம் முதல் சில வாரங்களுக்கு இருக்கும், பலருக்குத் தானாகக் குறையும். ஒரு மாதம் தாண்டியும் விடாவிட்டால் மனநல மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே. அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. அதற்காக வார்டில் ஆலோசகர் இருக்கிறாரா என்று கேட்காமல் விட்டுவிடாதே. நாம் கேட்காவிட்டால் பல இடங்களில் அவரை அனுப்பவே மாட்டார்கள்.

இங்கே மழை பரவாயில்லை, வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். மஞ்சள் விலையைப் பற்றி நேரில் புலம்புகிறேன்.

தங்கச்சி அடிபட்ட நாளிலிருந்து பெஞ்சில்தான் படுத்திருக்கிறது என்கிறாய், அது ஆகாது. சனிக்கிழமை சாயங்காலம் வந்து ராத்திரி நான் கூட இருக்கிறேன். அதை வீட்டுக்கு அனுப்பித் தூங்க வை. வார்டு நம்பரை மட்டும் மெசேஜில் போடு.

அன்புடன்,
உன் பங்காளி