மலைக்கு வரும் மருத்துவரும் மலையிலேயே இருக்கும் பெண்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலைக்கிராமங்களில் தங்கி மருத்துவம் பார்ப்பவர்களைப் பற்றி நாளிதழ்களில் அவ்வப்போது வெளியாகும் கட்டுரைகள் பெரும்பாலும் அந்த மருத்துவர்களின் தியாகத்தைப் போற்றுவதோடு நின்றுவிடுகின்றன. அவர்கள் என்ன செய்ததால் சாவுகள் குறைந்தன என்பதற்கு இரண்டொரு வரிகளே ஒதுக்கப்படுகின்றன.

தருமபுரி மாவட்டத்தில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே உள்ள சிட்லிங்கிக்கு மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் அவருடைய மனைவி லலிதாவும் 1993-இல் வந்தபோது, அங்கே பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணாமலே இறந்துகொண்டிருந்தன. ஊரார் கட்டிக்கொடுத்த குடிசையில்தான் மருத்துவமனை தொடங்கியது. கணவர் மயக்கவியல் மருத்துவர், மனைவி மகப்பேறு மருத்துவர். மலையூர் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான இணை வாய்ப்பது அரிது. ஆயினும், பள்ளத்தாக்கு நெடுகச் சிதறிக் கிடந்த ஊர்களை இருவரால் மட்டும் கவனித்துவிட முடியாது என்பதை உணர்ந்து, அவர்கள் அங்குள்ள பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி அளித்தார்கள். இளம்பெண்கள் மருத்துவமனையில் செவிலியர் பணிகளையும் சுகப்பிரசவம் பார்ப்பதையும் கற்றுக்கொள்ள, வயதில் மூத்த பெண்கள் தத்தம் ஊர்களில் கர்ப்பிணிகளைப் பரிசோதிப்பதையும், குழந்தைகளை எடை போடுவதையும், ஆபத்தின் அறிகுறி தென்பட்டால் உடனே மருத்துவமனைக்கு அனுப்புவதையும் தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்கள். குழந்தை இறப்பு பின்னர் பல மடங்கு குறைந்ததில் இப்பெண்களின் பங்கு மருத்துவர்களின் பங்கிற்குச் சற்றும் குறைந்ததன்று.

இது சிட்லிங்கிக்கு மட்டும் பொருந்தும் தற்செயலும் அன்று. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் இருவரும் கிராமப் பெண்களைக் கொண்டு பச்சிளங்குழந்தைகளை வீட்டிலேயே பராமரிக்கும் முறையை 39 கிராமங்களில் சோதித்தார்கள். மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததை 1999-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்டது. மத்திய அரசு 2011-இல் அம்முறையை ஏற்று, ஊர்தோறும் தாய்சேய் நலத்தைக் கவனிக்கும் 'ஆஷா' எனப்படும் பெண் சுகாதாரப் பணியாளர்களிடம் ஒப்படைத்தது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 42 நாட்களுக்குள் ஆறு முறை வீடு தேடிச் சென்று பார்ப்பதற்கு அப்போது வகுக்கப்பட்ட ஊக்கத்தொகை 250 ரூபாய்! பேருந்து போகாத மலையூர்களில் அது யாருக்குக் கட்டுப்படியாகும்?

எளிதில் சென்றடைய முடியாத இடங்களில் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் ஊக்க மதிப்பெண் அளிப்பதை நான் குறை கூறவில்லை. ஆனால், மதிப்பெண்ணுக்காக மலையேறி வரும் இளம் மருத்துவர், படிப்பில் இடம் கிடைத்ததும் இறங்கிச் செல்வது இயல்பே. அவருக்குப் பின் வருபவர் வழியையும் மக்களையும் மறுபடி முதலிலிருந்து அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இரவில் வலி கண்ட பெண்ணின் வீட்டுக்கு நடந்து போகக்கூடியவள் அதே ஊர்க்காரியாகத்தான் இருக்க முடியும்.

தமிழ்நாட்டில் ஆஷா பணியாளர்கள் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளிலேயே பணியாற்றுகிறார்கள் என்பதால், அவர்களுக்கு நிரந்தர மாத ஊதியம் வழங்குவது மாநில அரசின் கைக்கு எட்டாத செலவாக இராது. அத்துடன், அவர்களை ஆண்டுதோறும் சில வாரங்கள் மாவட்ட அரசு மருத்துவமனைகளின் பிரசவ வார்டிலும் பச்சிளங்குழந்தைப் பிரிவிலும் அமர்த்திப் பயிற்சி அளிக்க மக்கள் நல்வாழ்வுத் துறை ஆணையிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
அரூர்.