கயலுக்கு: உளுந்துக்கும் மிளகுக்கும் பரங்கிக்காய் கொடுப்பது பற்றி

அன்புள்ள கயலுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. உன் வெள்ளைச் சுண்டெலிகள் உளுந்துக்கும் மிளகுக்கும் பரங்கிக்காய் கொடுக்கலாமா என்று நேற்று இரவு நீ தொலைபேசியில் கேட்டதற்கு, "கொடுக்கலாம் கண்ணு, கொஞ்சமாகக் கொடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். படுத்த பிறகு அந்தப் பதில் எனக்கே போதவில்லை. கொஞ்சம் என்பது உன் கைக்கு ஓர் அளவு, முப்பது கிராம் எடையுள்ள ஒரு சுண்டெலியின் வயிற்றுக்கு முற்றிலும் வேறோர் அளவு என்பதை நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு கல்லூரியின் ஆய்வக விலங்குக் கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் சுண்டெலிகளுக்குத் தீனி வைத்து, தண்ணீர்ப் புட்டி மாற்றி, உமி மாற்றிய எனக்கு அதை விளக்கிச் சொல்லும் கடமை உண்டு. உன்னைப் போல் வெள்ளைச் சுண்டெலி வளர்க்கும் பிள்ளைகள் மதுரையில் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால், உன்னிடமும் உன் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டு இந்தக் கடிதத்தைப் பொதுவில் வைக்கிறேன்.

முதலில் எந்தக் காய் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் வீட்டில் இரண்டையுமே பூசணி என்று சொல்லிவிடுகிறோம். உள்ளே மஞ்சளாக, லேசான இனிப்போடு இருப்பது பரங்கிக்காய். கோயம்புத்தூர்ப் பக்கம் அதையே அரசாணிக்காய் என்பார்கள். மேலே சாம்பல் பூத்து உள்ளே வெள்ளையாக இருப்பது வெண்பூசணி. சுண்டெலிக்கு ஏற்றது பரங்கிக்காய். அதிலேயே நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான், வெண்பூசணியிலோ ஏறத்தாழ 96 பங்கு தண்ணீர். எனவே வெண்பூசணி நஞ்சில்லை என்றாலும், அந்தச் சிறிய வயிற்றை வெறும் நீரால் நிரப்புவதற்கு மேல் அது எதையும் செய்வதில்லை.

இதை இந்த வாரமே எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அடுத்த வாரம் ஆயுத பூசை. மாட்டுத்தாவணிச் சந்தையிலிருந்து வெண்பூசணி வண்டி வண்டியாக ஊருக்குள் வந்துகொண்டிருக்கும். உங்கள் தெருவில் இருக்கும் லேத் பட்டறையிலும், முனையில் இருக்கும் ஆட்டோ நிறுத்தத்திலும், காயின் தலையைச் சீவிக் குடைந்து, உள்ளே குங்குமத்தையும் சில்லறைக் காசையும் போட்டு, மேலே சூடம் ஏற்றிச் சுற்றிப் போட்டு உடைப்பார்கள். மறுநாள் காலையில் நீ பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் சிவந்த துண்டுகள் கிடக்கும். அவற்றில் சுத்தமாகத் தெரியும் ஒரு துண்டைக்கூட நீ எடுத்துவரக் கூடாது. குங்குமம் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துச் செய்யப்படுவது. கடையில் மலிவாகக் கிடைப்பவற்றில் பலவும் செயற்கைச் சாயம் கலந்தவை. சூடம் சிறு பிராணிகளுக்கு நஞ்சு. இதில் நீ மறக்கக் கூடாத ஒன்று உண்டு: சுண்டெலியால் வாந்தி எடுக்க முடியாது. நாயோ பூனையோ ஒவ்வாததைத் தின்றால் கக்கித் தப்பித்துக்கொள்ளும். எலி இனத்துக்கு அந்த வழியே அடைபட்டிருக்கிறது, உள்ளே போனது உள்ளேதான். துண்டைத் தின்னாமல் அதன்மேல் ஏறி நடந்தாலும் ஆபத்துத்தான், ஏனென்றால் மயிரில் ஒட்டிய குங்குமத்தை அது நக்கி நக்கியே சுத்தம் செய்யும்.

மார்கழியில் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் செருகி வைக்கும் பூசணிப்பூவுக்கும் இதே பேச்சுத்தான். பூ உண்ணத் தக்கது, ஆனால் சாணியிலும் கோலமாவிலும் தெருப்புழுதியிலும் இருந்த பூ உளுந்துக்கும் மிளகுக்கும் வேண்டாம்.

இனி அளவுக்கு வருகிறேன். வளர்ந்த ஒரு சுண்டெலி ஒரு நாளில் தின்னும் மொத்தத் தீனியே மூன்றிலிருந்து ஐந்து கிராம்தான். ஒரு சென்டிமீட்டர் நீள, அகல, உயரமுள்ள பரங்கிக்காய்த் துண்டு ஏறக்குறைய ஒரு கிராம் இருக்கும். உன் கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை, குழம்பில் கிடந்தால் ஒதுக்கிவிடுவாய். ஆனால் முப்பது கிராம் மிளகுக்கு அது அவள் உடம்பில் முப்பதில் ஒரு பங்கு. நீ முப்பது கிலோ எடை என்று உன் அம்மா சொன்னாள். அப்படியானால், அந்தத் துண்டை மிளகு தின்பது, நீ ஒரே இருப்பில் ஒரு கிலோ பரங்கிக்காயைத் தின்பதற்குச் சமம். இந்தக் கணக்கை நீயே ஒருமுறை தாளில் போட்டுப் பார். போட்டுப் பார்த்தவர்கள் பிறகு கைநிறைய அள்ளி வைக்க மாட்டார்கள்.

ஆகவே முதல் தடவை, ஊறவைத்த பட்டாணியில் பாதி அளவு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. பிறகு இரண்டு நாள் காய் எதுவும் கொடுக்காமல், வழக்கமான தீனி மட்டும் வைத்துக் கவனி. கழிச்சல் இல்லையென்றால் அடுத்த முறை ஒரு முழுப் பட்டாணி அளவு. அதன்பின் வாரத்துக்கு இரண்டு முறை அந்த அளவிலேயே நின்றுவிடு. அதிகம் கொடுத்தால் என்ன ஆகும் என்றால், அந்த நீர்த்த காயே வயிற்றை அடைத்துக்கொள்ள, புரதமும் தாது உப்பும் உள்ள தீனிவில்லையை அவை தொடாமல் விட்டுவிடும். கூடவே கழிச்சலும் வரும். பரங்கிக்காயில் இருக்கும் மஞ்சள் நிறமி உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறுவது உண்மைதான், ஆனால் நல்ல தீனிவில்லையில் அந்த வைட்டமின் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கிறது. வைட்டமின் சி-யைச் சுண்டெலி தன் உடம்பிலேயே உண்டாக்கிக்கொள்ளும்; சீமைப்பெருச்சாளி என்கிற கினிப்பன்றிக்குத்தான் அதை வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும். ஆக, பரங்கிக்காய் அவற்றுக்கு மருந்தும் இல்லை, சாப்பாடும் இல்லை. புதிதாக ஒன்றை முகர்ந்து, பிடித்து, கொறிக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் தேவையானது என்றுதான் நான் நினைக்கிறேன். கூண்டுக்குள் நாள் முழுதும் ஒரே வில்லையைத் தின்றுகொண்டிருக்கும் உயிர் அது.

இந்தக் கணக்கை நான் யாரிடமும் கேட்டுக் கற்கவில்லை. உன் செந்தில் அத்தான் ஆறாம் வகுப்பில் படித்தபோது அவனுக்காக ஒரு சோடி சுண்டெலி வாங்கி வளர்த்தோம். விலங்குக் கூடத்தில் தீனிவில்லையும் தண்ணீரும் தவிர வேறெதையும் கொடுப்பதில்லை என்பதால், காய் கொடுத்த பழக்கம் எனக்கு இல்லை. ஒரு சித்திரை மாத இரவில், சாம்பாருக்கு அரிந்ததில் மிஞ்சிய பரங்கிக்காயை ஒரு கைப்பிடி கூண்டில் வைத்துவிட்டு, அவை ஆசையாகத் தின்பதைச் செந்திலோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் உமியெல்லாம் ஈரமாக இருந்தது. இரண்டில் சிறியது முதுகைக் கூனிக்கொண்டு, மயிர் சிலிர்த்து, கண்ணைப் பாதி மூடியபடி மூலையில் உட்கார்ந்திருந்தது. கையில் எடுத்தபோது எடையே தெரியவில்லை. மருத்துவரிடம் கொண்டுபோவதற்குள் இறந்துவிட்டது. அவ்வளவு சிறிய உடம்பிலிருந்து நீர் வெளியேறிவிட்டால் ஓர் இரவுகூடத் தாங்காது என்பது தொழில்முறையில் எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் நான் அளவைப் பார்க்கவில்லை. செந்தில் அன்று என்னிடம் எதுவும் கேட்கவில்லை, அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

வாங்குவது பற்றிச் சொல்கிறேன். தள்ளுவண்டியில் காலையிலிருந்து அரிந்து வைத்து ஈ மொய்த்த பத்தையை வாங்க வேண்டாம். 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டிலேயே முதலாவதாகத் திறக்கப்பட்ட உழவர் சந்தை நம் மதுரை அண்ணா நகரில்தான் இருக்கிறது. அம்மாவோடு காலையில் அங்கே போனால், விளைவித்தவரிடமே எப்போது பறித்தது, என்ன மருந்து அடித்தது என்று கேட்டு, கண்ணெதிரே ஒரு பத்தை அரிந்து வாங்கலாம். முழுக் காயாக வாங்கினால் காம்போடு வாங்குங்கள். உசிலம்பட்டி வீட்டில் உன் அம்மாச்சி பரண்மேல் காம்பு ஒடியாத பரங்கிக்காய்களை அடுக்கி, மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருந்ததை உன் அம்மா சொல்லியிருப்பாள். ஆனால் பரண் என்றால் வீட்டெலி ஓடும் இடம். அதன் மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் பரவும் என்பதால், அரிவதற்கு முன் காயை ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். தோலைச் சீவிவிடு. நடுவில் இருக்கும் வழவழப்பான நாரையும் எடுத்துவிடு, முதலில் புளிப்பது அதுதான்.

அரிந்ததும், அம்மா ஒரு சிறு துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பட்டும். பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் என்று நம் ஊரில் பெயர் வைத்தார்களே, அந்தக் கொடிகளில் எல்லாம் கசப்பைக் கொடுப்பது குக்குர்பிட்டாசின் என்ற நச்சுப் பொருள். பரங்கியும் அதே குடும்பத்துக் கொடிதான். கசப்பான இனத்தின் மகரந்தம் கலந்த காயின் விதையை எடுத்து நட்டால், அதில் காய்ப்பது பார்வைக்கு நல்ல பரங்கியாகவே இருந்து நாக்கில் கசக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிடுங்கள், நீங்களும் சமைக்க வேண்டாம்.

பச்சையாகவும் கொடுக்கலாம், வெறும் ஆவியில் வேகவைத்து ஆறவைத்தும் கொடுக்கலாம். நான் பச்சையையே விரும்புகிறேன், கொறிப்பதற்கு ஏதாவது இருக்கும். ஆனால் குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிக் கொடுப்பது கூடாது. உப்பு, மிளகாய், புளி, வெங்காயம், பூண்டு எல்லாம் அதற்குள் ஊறியிருக்கும். வெல்லம் போட்ட பச்சடியும் வேண்டாம்.

விதையைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் கேட்பாய். பரங்கி விதையின் பருப்பில் ஏறக்குறையப் பாதி கொழுப்பு. எனவே வாரத்துக்கு ஒன்றே ஒன்று, கழுவி நிழலில் உலர்த்தியது. உப்புப் போட்டு வறுத்த கடை விதை அறவே கூடாது. கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார். பின்னங்காலில் நிமிர்ந்து உட்கார்ந்து, விதையை முன்னங்கை இரண்டிலும் பிடித்து, விளிம்பை ஓரமாகக் கடித்துக்கொண்டே சுற்றிச் சுற்றி வரும். சிறிது நேரத்தில் வெள்ளைத் தோல் இரண்டாகப் பிளந்து விழ, பச்சைப் பருப்பு மட்டும் கையில் நிற்கும்.

அவை இரவில் விழித்திருக்கும் பிராணிகள். ஆகவே விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கொடுத்து, நீ படுக்கப் போவதற்கு முன் மிச்சத்தை எடுத்துவிடு. தட்டில் இல்லையென்றால் தின்றுவிட்டன என்று நினைத்துவிடாதே. சுண்டெலி தீனியைப் பதுக்கும்; கூட்டுக்கு அடியில், உமிக்குள் துழாவிப் பார்க்க வேண்டும். மதுரை வெக்கையில் ஈரமான துண்டு மறுநாளே பூஞ்சணம் பிடித்துவிடும், மூன்றாம் நாள் பசித்த நேரத்தில் அதைத் தோண்டி எடுத்துத் தின்னும். துழாவிய பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவு.

புழுக்கை சீரகம் போன்ற வடிவில், கறுத்து உலர்ந்து இருந்தால் எல்லாம் சரி. இளகியிருந்தால் காயை உடனே நிறுத்திவிட்டு, தீனிவில்லையும் தண்ணீரும் மட்டும் வை. தண்ணீரை ஒருபோதும் குறைக்காதே. கூனிக்கொண்டு உட்கார்ந்தாலோ மயிர் சிலிர்த்து நின்றாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். சிறு பிராணிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் யார் என்பதை அம்மா இப்போதே விசாரித்து, தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். மிளகு குட்டி போட்டால், குட்டிகள் பால் மறந்து தீனிவில்லையில் நன்றாகத் தேறும் வரை அவற்றுக்குக் காய் வேண்டாம்.

தீபாவளிக்கு வரும்போது, தங்கம் நிறுக்கிற மாதிரி ஒரு சிறிய மின்தராசு கொண்டுவருகிறேன். இரண்டையும் நிறுத்துப் பார்ப்போம். அதுவரை ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு, எந்த நாளில் எவ்வளவு கொடுத்தாய், மறுநாள் புழுக்கை எப்படி இருந்தது என்று எழுதி வை. முதல் துண்டை உளுந்து எடுத்ததா மிளகு எடுத்ததா என்பதையும் எழுது.

அன்புடன்,
உன் மாமா