பாப்பாவுக்கு அம்மா எழுதுவது

பாப்பாவுக்கு,

சாப்பாடு இறங்குகிறதா? ஞாயிற்றுக்கிழமை போனில் “நல்லாத்தாம்மா இருக்கேன்” என்று சொல்லி உடனே வைத்துவிட்டாய். குரல் அடைத்திருந்தது. சளி என்றாய். சரி, சளியாகவே இருக்கட்டும்.

இங்கே மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகு போகாது. அப்பா வலை பின்னிக்கொண்டே, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் “மக நாமக்கல்ல நீட்டுக்குப் படிக்கிறா” என்கிறார். பாம்பனில் இன்னும் யாருக்குத்தான் சொல்லவில்லையோ! உனக்கோ சித்தி மகள் சடங்குக்கு ஒரு வார்த்தை பேச நேரமில்லை. போகட்டும். நகை அடகில் இருப்பதை நினைத்து மருகாதே. நகை எங்கும் போகாது. நீ சாப்பிடு.

நம்ம நர்சக்காவிடம், யாரோ ஒரு பிள்ளைக்கு என்று கேட்டேன். இந்த வயசில் மனசில் பாரம் ஏறினால் உடம்புதான் முதலில் காட்டிக்கொடுக்குமாம். தலைவலி, வயிற்றுவலி, தொட்டதுக்கெல்லாம் எரிச்சல். மாசாமாசம் வருகிற கணக்குகூடத் தள்ளிப்போகுமாம். ராத்திரி டீ குடித்து முழித்திருந்து படித்தால் படித்தது நிற்காதாம். எட்டு மணி நேரமாவது தூங்கணுமாம். தூங்கு பாப்பா. அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரம் விடாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டணும் என்றார். 14416 என்று அரசாங்க நம்பர் ஒன்று கொடுத்தார். காசில்லை, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாமாம். உன் கூடப் படிக்கிற பிள்ளைகள் யாருக்காவது உதவும், குறித்து வை.

அப்பத்தா காதில் விழுந்தால் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போ என்பார். 2001-ல் அந்த ஊரில் மனசு சரியில்லாதவர்களை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் செத்தார்களே, 28 பேர், அப்போது எனக்கு உன் வயசு. அதிலிருந்து மனசுக்கு டாக்டர் என்றாலே எனக்குச் சங்கிலிதான் ஞாபகம் வரும். அது வேறு, இது வேறு என்று நர்சக்கா சொல்லித்தான் புரிந்தது. கடல்பாசி எடுக்க முங்கி முங்கிக் காது வலித்தால் நான் டாக்டரிடம் போவதில்லையா, அதுபோலத்தான்.

யாரோ ஒரு பிள்ளைக்குத்தான் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சித்தப்பா அந்தப் பக்கம் வருகிறார். நெத்திலிக் கருவாடு வறுத்துக் கொடுத்துவிடுகிறேன். மணக்குது என்று ஹாஸ்டலில் சண்டை வந்தால் வார்டனுக்கும் கொஞ்சம் கொடு. அந்த மாசக் கணக்கு சரியாக வருகிறதா என்பதைச் சித்தப்பாவிடம் சொல்லி அனுப்பாதே, எனக்குப் போன் பண்ணு. எத்தனை மணி ஆனாலும் பண்ணு.

அம்மா