தொற்றாமல் இருப்பது வேறு, முற்றாமல் இருப்பது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எச்.ஐ.வி.யும் மரபணுவும் பற்றிய கட்டுரையைப் படித்தேன். சிக்கலான விஷயத்தைப் பயமுறுத்தாமல் சொல்லியிருந்தார்கள். ஆனால் தொற்றையே தடுக்கும் மரபணுவையும், தொற்றிய பிறகு நோயைத் தாமதப்படுத்தும் மரபணுவையும் ஒரே பத்தியில் கலந்துவிட்டார்கள். ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால் இது உறுத்தியது.

முதல் வகைக்கு உதாரணம் சிசிஆர்5. சிடி4 அணு என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுவுக்குள் நுழைய எச்.ஐ.வி.க்கு சிடி4 என்ற புரதம் மட்டும் போதாது. பக்கத்தில் இன்னொரு புரதத்தையும் பிடித்தாக வேண்டும். பெரும்பாலும் அது சிசிஆர்5. அதற்கான மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டுப்போனால் அந்தப் புரதம் அணுவின் மேற்பரப்புக்கு வந்து சேராது. 1996இல் கண்டறியப்பட்ட இந்த மாற்றம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்திருந்தால்தான் வலுவான பாதுகாப்பு. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் தொற்று ஏற்படும், நோய் கொஞ்சம் மெதுவாக முற்றும். இரண்டு பிரதியும் உள்ளவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினரிலேயே சுமார் 1 சதவீதம்தான். ஆசிய, ஆப்பிரிக்க மக்களிடம் மிக அரிது. இரண்டு பிரதியும் உள்ளவர்களையும் விட்டுவைக்காத எச்.ஐ.வி. கிருமிகள் உண்டு: சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறொரு புரதத்தைப் பிடித்து உள்ளே போகிறவை.

எச்.ஐ.வி.யிலிருந்து முதன்முதலில் குணமானவர் என்று கட்டுரை சொன்ன 'பெர்லின் நோயாளி' டிமோதி ரே பிரவுனுக்கு 2007இல் இந்த மாற்றம் கொண்ட கொடையாளரின் ஸ்டெம் செல்களைச் செலுத்தியது முதலில் அவருடைய ரத்தப் புற்றுநோய்க்காக. உயிருக்கே ஆபத்தான சிகிச்சை அது. எச்.ஐ.வி.க்கு எல்லோரும் செய்துகொள்ளலாம் என்ற தொனி வந்திருக்கக் கூடாது.

இரண்டாவது வகை எச்எல்ஏ என்ற மரபணுக் குடும்பம். பி57, பி27, பி35 என இதில் பல வகைகள் உண்டு. இவை தொற்றைத் தடுப்பதாகப் பேசப்படுவதில்லை. கிருமி புகுந்த அணு, அதன் புரதத் துண்டு ஒன்றை எச்எல்ஏ மூலக்கூறில் ஏந்தி வெளியே காட்டும். அதைப் பார்த்ததும், தொற்றிய அணுக்களைக் கொல்லும் டி அணுக்கள் என்ற வெள்ளணுக்கள் பாயும். எந்தத் துண்டு காட்டப்படுகிறது என்பதில்தான் சூட்சுமம். எச்எல்ஏ-பி57 காட்டும் சில துண்டுகளை எச்.ஐ.வி. சுலபத்தில் மாற்றிக்கொள்ள முடியாது. மாற்றினால் அதன் பெருகும் திறனே குறையும். அதனால்தான் பி57, பி27 உள்ள சிலர் மருந்தில்லாமலே பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கிறார்கள். பி35இன் சில வகைகள் இருந்தாலோ நோய் வேகமாக முற்றும். தாக்குப்பிடிக்கிறவரின் உடலிலும் கிருமி இருக்கிறது. சிகிச்சை பெறாவிட்டால் அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவலாம்.

'உங்கள் மரபணுவைச் சோதித்துப் பாருங்கள்' என்ற கடைசி வரிதான் எனக்குப் பிடிக்கவில்லை. அப்படிச் சோதித்துவிட்டு யாராவது ஆணுறையைத் தூக்கி எறிந்தால் என்ன செய்வது? உண்மையில் பயன்படுகிற ஒரு சோதனை இருக்கிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பி57இன் 01 என்ற வகை உள்ளவர்களுக்கு அபாகாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம். நோயைத் தாமதப்படுத்துகிற அதே மரபணுதான்! அதனால் அந்த மருந்தைத் தொடங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்கிறார்கள்.

அடுத்த இதழில் அந்தக் கடைசி வரியைத் திருத்தி, அபாகாவிர் பற்றி இரண்டு வரி சேர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்