இந்த வருஷம் ஒரு கேம்பஸ் போதும்

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் சுகம். ஆச்சிக்குக் குளிர்காலத்து முட்டி வலி வந்திருக்கிறது. அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

போனில் பேசினால் ஐந்து நிமிடத்தில் "அம்மா, இன்னொரு கால் வருது" என்கிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் வருகிறது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். நீ தமிழை மெதுவாகத்தான் படிப்பாய், தெரியும். மெதுவாகவே படி.

தீபாவளிக்கு வந்தபோது லேப்டாப்பில் வரைபடத்தைத் திறந்து மூன்று காலேஜைக் காட்டினாய். அட்லாண்டாவில் ஒன்று, அதே ஜார்ஜியா மாநிலத்து ஏதன்ஸில் ஒன்று, எல்லை தாண்டி அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஒன்று. ஒரே வருஷத்தில் மூன்றிலும் உங்கள் சொராரிட்டிக்கு, அதுதான் உங்கள் காலேஜ் பெண்கள் சங்கத்துக்கு, புது சாப்டர், அதாவது கிளை, வரும் என்றாய். அப்பாகூட சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே காணோம். கேட்டால் "போயிட்டிருக்கும்மா" என்கிறாய். தேங்க்ஸ்கிவிங்குக்கு வரவில்லை, கிறிஸ்துமஸுக்கு வந்தும் தங்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு உன் நம்பரைத் தெரியாமல் அழுத்திவிட்டேன். ஆபீஸ் நேரமாயிற்றே, எடுக்கமாட்டாய் என்று நினைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாய். உன் குரலைக் கேட்டதில் சந்தோஷம்தான்.

சரி, சொராரிட்டி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வேண்டாம் பாப்பா. இந்த வருஷம் ஒன்று போதும்.

அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. முதல் வருஷம் நீ அந்த கிரேக்க எழுத்து போட்ட ஸ்வெட்டரோடு வீட்டுக்கு வந்து நின்றபோது நான் பயந்துபோய் ராத்திரியெல்லாம் படித்தேன். புதிதாகச் சேருகிறவர்களைக் கொடுமைப்படுத்துகிற ஹேஸிங் பற்றித்தான் முதலில் படித்தேன், பிறகு மற்றதையும். அப்போது தெரிந்துகொண்டது எதையும் மறக்கவில்லை.

உன் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் மேக்கன் வந்துவிடும். அங்கே வெஸ்லியன் காலேஜில் 1851-ல் அடெல்ஃபியன் என்று ஒரு பெண்கள் சங்கம், அடுத்த வருஷம் ஃபிலோமதியன் என்று இன்னொன்று. இன்றைய ஆல்ஃபா டெல்டா பையும் ஃபை மியூவும் அவைதான். 1900 தாண்டும்வரை இரண்டுமே அந்த ஒரு கேம்பஸை விட்டு வெளியே போகவில்லை. அரை நூற்றாண்டு ஒரே இடம். அதன் பிறகுதான் இரண்டாவது, மூன்றாவது என்று பரவி இன்று நாடு முழுக்க இருக்கிறார்கள். உன்னை ஐம்பது வருஷம் காத்திருக்கச் சொல்லவில்லை. ஒரு வருஷம் காத்திரு என்கிறேன்.

நம் பெண்கள் தொடங்கியவை அவ்வளவு பழசில்லை. ஆஸ்டினில் கப்பா ஃபை காமா, ஹூஸ்டன் யூனிவர்சிட்டியில் டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க்கில் சிக்மா சிக்மா ரோ, மூன்றும் 1998-ன் கடைசி இரண்டு மாதத்துக்குள் தொடங்கியவை. அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 1965-ல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு வந்த குடும்பங்களின் பெண்கள் தொண்ணூறுகளில் காலேஜுக்கு வந்து சேர்ந்தார்கள். போதிய பேர் சேர்ந்ததும் தங்களுக்கென்று ஒன்று வேண்டும் என்று பல ஊரில் ஒரே நேரத்தில் தோன்றியிருக்கிறது. இப்போது எங்களைப் போல எச்-1பியில் வந்தவர்களின் பிள்ளைகள் காலேஜ் வயதில் இருக்கிறார்கள். ஆகையால் நீ நினைப்பது சரிதான், உங்கள் சொராரிட்டி வளர இது நல்ல காலம். அவசரம்தான் வேண்டாம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது காலேஜில் எத்தனை இந்திய முகம் என்று எண்ணாதே. அதில் பெரிய பங்கு எம்.எஸ். படிக்க வந்த பிள்ளைகள். இரண்டு வருஷத்தில் படிப்பை முடித்து வேலை தேடுகிற கவலை அவர்களுக்கு. உங்களுக்கு வேண்டியது இளங்கலையில் முதல் வருஷம், இரண்டாம் வருஷம் படிக்கிற பெண்கள். அட்லாண்டாவுக்கு வடக்கே ஜான்ஸ் கிரீக், அல்ஃபாரெட்டா, கமிங் பக்கத்து ஹைஸ்கூல்களில் நம் பிள்ளைகள் எவ்வளவு பேர் என்று உனக்கே தெரியும். அவர்கள் எந்தக் காலேஜுக்குப் போகிறார்கள் என்று பார், அதுதான் உன் கேம்பஸ். தினமும் வீட்டிலிருந்து வந்துபோகிற பெண்கள் அதிகம் உள்ள காலேஜ் என்றால் யோசி. சாயங்காலம் ஆறு மணிக்கு மீட்டிங் வைத்தால் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள்.

கடைசி வருஷப் பெண்களை வைத்துத் தொடங்காதே. இது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீயே செய்து காட்டியவள். கோவிட் சமயத்தில் ஜூமில் ரஷ், அதுதான் புதுப் பெண்களைச் சேர்க்கிற நிகழ்ச்சி, நடத்தி யாரும் சேராமல், நீ கடைசி வருஷம் வந்தபோது உங்கள் சாப்டரில் மிஞ்சியவர்கள் ஒரு காருக்குள் அடங்கிவிடுவார்கள். சேர விரும்பி வந்த சீனியர் பெண்களிடம் தன்மையாகப் பேசி அனுப்பிவிட்டு, பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளாகப் பார்த்துச் சேர்த்தாய். ஆகஸ்ட் வெயிலில் டேபிள் போட்டு உட்கார்ந்து முகமெல்லாம் கருத்துப்போய் வந்தாய். அந்தச் சின்னப் பிள்ளைகள்தான் இன்று அந்தச் சாப்டரை நடத்துகிறார்கள். அன்று உன்னைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமை என்று உன்னிடம் சொன்னேனா தெரியவில்லை, சித்தியிடம் சொன்னேன், கோவிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஆனால் அப்போது உனக்குச் சாப்பாடு மெஸ்ஸில் இருந்தது, வாடகை நாங்கள் கட்டினோம். அதையும் நினைத்துக்கொள்.

பெரிய சொராரிட்டிகளைப் பார்த்து அவசரப்படாதே. பெரிய சொராரிட்டிகளின் கூட்டமைப்பான நேஷனல் பான்ஹெலெனிக் கான்ஃபரன்ஸில் உள்ள 26 சொராரிட்டிகளுக்கு வழி வேறு. கேம்பஸில் உள்ள பான்ஹெலெனிக் கவுன்சிலே கூடி, புதிதாக ஒன்று வரட்டும் என்று ஓட்டுப் போட்டுக் கூப்பிடுகிறது. சம்பளம் வாங்குகிற ஆட்கள் அந்த ஊரிலேயே வந்து தங்கி வேலை செய்கிறார்கள். ரெக்ரூட்மென்ட் என்றால் பதிவு செய்த பெண்களின் பட்டியல் கையில் வந்துவிடும். உங்களுக்குப் பட்டியலும் இல்லை, சம்பள ஆளும் இல்லை. ஒவ்வொரு பெண்ணையும் தேடிப் போய்ப் பேசித்தான் சேர்க்க வேண்டும். அந்த வேலையை ஒருத்தி மூன்று ஊரில் செய்ய முடியாது. ராத்திரி ஐ-20-ல் பர்மிங்ஹாமிலிருந்து தனியாகக் காரோட்டி வருகிறாய் என்று தம்பி வாய்தவறிச் சொன்னான். அவனைத் திட்டாதே.

கறுப்பினப் பெண்களின் சொராரிட்டிகளிடம்தான் நீ படிக்க வேண்டியது இருக்கிறது. ஸீட்டா ஃபை பீட்டாவை 1920-ல் ஹோவர்ட் யூனிவர்சிட்டியில் ஐந்து பெண்கள் தொடங்கினார்கள். சிக்மா காமா ரோவை 1922-ல் இண்டியானாபொலிஸில் ஏழு பள்ளி ஆசிரியைகள் தொடங்கினார்கள். கையில் காசில்லாத காலம், பல கேம்பஸில் அவர்களை உள்ளேயே விடாத காலம். அப்படியும் பரவினார்கள் என்றால், காலேஜை முடித்தவர்கள் விட்டுப்போகவில்லை என்பதுதான் காரணம். ஊர் ஊருக்குப் படித்து முடித்தவர்களின் சாப்டர் இருக்கிறது. ஆசிரியை, நர்ஸ், வக்கீல் என்று வேலை பார்க்கிற பெண்கள் பக்கத்துக் காலேஜில் இருக்கிற சின்னப் பெண்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். காலேஜ் பெண் நாலு வருஷத்தில் போய்விடுவாள், ஊரில் இருக்கிறவள் இருப்பாள். அட்லாண்டாவில் உங்கள் சொராரிட்டியில் படித்து முடித்தவர்கள் நீ ஒருத்தியா? அந்த மதுரைப் பெண் இருக்கிறாள். டன்வுடியில் குழந்தையோடு இருக்கிற உன் பிக், சொராரிட்டியில் உனக்கு அக்காவாக இருந்தவள், இருக்கிறாள். முதலில் அவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, யார் எந்த வேலை என்று பிரித்துக்கொள். பணம் ஒருத்தி, காலேஜ் ஆபீஸ் ஒருத்தி, பெண்களைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி. எல்லாம் நீ என்று வைத்துக்கொள்ளாதே.

நம் தமிழ் வகுப்பு கேட்டி என்ற ஊரில் கிளை திறந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு குடும்பம் அங்கே வீடு வாங்கியது, அவர்களே சாவி, அவர்களே வாத்தியார், அவர்களே கணக்கு. நன்றாகத்தான் நடந்தது. அவர்கள் டல்லாஸுக்கு மாற்றலாகிப் போனதும் அடுத்த செமஸ்டருக்குப் பிள்ளைகளும் இல்லை, பதிவேடும் இல்லை. அதே சமயம் நம் பக்கத்தில் ஐந்து அம்மாக்கள் முறை வைத்து நடத்திய வகுப்பு இன்றைக்கும் நடக்கிறது. அப்போதும் நான் ஒவ்வொரு வாரமும் போகவில்லை. ஆச்சி ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு மாதம் போகவே இல்லை, வகுப்பு நிற்கவில்லை.

பணம். இதைக் கவனமாகப் படி. சாப்டர் ஆவதற்கு முன் இன்டரெஸ்ட் குரூப்பாக இருக்கும்போதே அந்தப் பெண்கள் கொஞ்சமாவது டியூஸ், அதாவது சந்தா, கட்டிப் பழக வேண்டும். இன்ஷூரன்ஸ், நேஷனல்ஸுக்கு, அதாவது உங்கள் தலைமைக்கு, கட்டுவது, ரூம் வாடகை எல்லாவற்றையும் முதல் நாளே தாளில் எழுதிக் காட்டு. கட்ட முடியாத பெண்ணுக்குத் தவணை கொடு, நிதி திரட்டுகிற வேலையைக் கொடு. உன் கார்டில் போடாதே. நீ இரக்கப்பட்டுப் போட்டுவிட்டால் அந்தச் சாப்டருக்கு உண்மையில் எவ்வளவு செலவு என்று அந்தப் பெண்களுக்கே தெரியாமல் போய்விடும், நீ நிறுத்துகிற அன்று அதுவும் நிற்கும். எந்த மாதம் என்ன நிலைமையாக இருந்தாலும் உன் கையிலிருந்து போடாதே.

காலேஜ் ஆபீஸுக்கு முதலில் போ, பெண்களைச் சேர்த்துவிட்டு அப்புறம் போகாதே. ஒரு கேம்பஸில் இத்தனை பேர் இருந்தால்தான் அங்கீகாரம் என்பார்கள், இன்னொன்றில் வருஷத்துக்கு ஒரு முறைதான் விண்ணப்பம் வாங்குவார்கள், சில இடத்தில் முதல் செமஸ்டர் பெண்கள் சேரவே கூடாது. அங்கீகாரம் இல்லாமல் ஒரு ரூம்கூட எடுக்க முடியாது. ஹேஸிங் விஷயத்தில் நீ கறாரானவள், தெரியும். இருந்தாலும் 2024 டிசம்பரில் வந்த சட்டத்தை அந்தச் சின்னப் பெண்களுக்குப் படித்துக் காட்டு. ஒரு தப்பு நடந்தாலும் சங்கத்தின் பெயரோடு காலேஜ் அதைப் பொதுவில் வெளியிட வேண்டும். புதிதாக வருகிற சின்னச் சங்கம் அதிலிருந்து எழுந்திருக்காது.

ஒன்று சரியாக வராவிட்டால் விட்டுவிடுவதிலும் தப்பில்லை பாப்பா. நியூயார்க்கில் யூதப் பெண்கள் 1903-ல் தொடங்கிய அயோட்டா ஆல்ஃபா பை 1971-ல் மூடப்பட்டது. 1941-லிருந்து 1962-க்குள் நான்கு சின்ன சொராரிட்டிகள் டெல்டா ஸீட்டாவோடு சேர்ந்துவிட்டன. அவற்றை நடத்திய பெண்கள் யாரும் குறைந்துபோனவர்கள் இல்லை. ஏதன்ஸ் இந்த வருஷம் வேண்டாம் என்று நேஷனல்ஸுக்கு ஒரு இமெயில் எழுது. யாரும் உன்னைத் தப்பாக நினைக்கமாட்டார்கள். நாங்கள் எந்த விஷயத்திலும் நினைக்கமாட்டோம்.

அட்லாண்டாவில் உள்ள அந்த ஒன்றை மட்டும் எடு. எட்டு, பத்துப் பெண்கள் போதும், எல்லோரும் முதல், இரண்டாம் வருஷப் பெண்களாக இருக்கட்டும். அடுத்த ரஷ்ஷை அவர்களே நடத்தட்டும், நீ பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார். அவர்கள் சேர்த்தவர்கள் இன்னொரு ரஷ் நடத்தினால் சாப்டர் தன் காலில் நின்றுவிட்டது என்று அர்த்தம். அப்புறம் ஏதன்ஸுக்குப் போ, அந்தப் பெண்களையே கூட்டிக்கொண்டு போ.

பார்சலில் பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, ஆச்சி கையால் செய்த முறுக்கு இருக்கிறது. ஆச்சிக்கு ஊசி போட்டபின் பரவாயில்லை, உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். உன் அறையில் தம்பி கம்ப்யூட்டரை வைத்திருந்தான், எடுக்கச் சொல்லிவிட்டேன், மெத்தை விரிப்பு மாற்றியாயிற்று. மார்ச்சிலோ அதற்கு முன்போ, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வந்து இரு. கேம்பஸ் வேலையை இங்கிருந்தும் போனில் பார்க்கலாம்.

இன்னொன்று. நவம்பரில் அப்பா ஆபீஸில் இன்ஷூரன்ஸ் படிவம் வந்தபோது உன் பெயரையும் சேர்த்துவிட்டார். 26 வயதுவரை அதில் இருக்கலாம், உனக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்து செல்லும். கார்டை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன், பர்ஸில் போட்டுக்கொள். பல் டாக்டருக்கும் அதுவே செல்லுபடியாகும். அந்தக் கடைவாய்ப் பல்லைத் தள்ளிப்போடாமல் போய்க் காட்டு.

அன்புடன்,
அம்மா